கோபத்தில் பறித்த கீழாநெல்லி

அவளுடைய வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் திட்டம். "திட்டம் இருக்காரா?" என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள். அவரும் கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் "இருக்கேன், உள்ள வாங்க" என்பார். கேலிக்கு வைத்த பெயர் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வைத்தவர்கள் தலையில் ஒரு திட்டமும் கிடையாது, அந்தப் பொறாமையில் வைத்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி.

முதலில் காளான். படுக்கையறைக் கட்டிலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, வைக்கோல் பைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டினார். காளான் வந்ததோ இல்லையோ, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரு மழைக்காலம் முழுக்க இருமல் வந்தது. அப்புறம் முயல். கூண்டுக்குத் தாழ்ப்பாள் போடுவதெல்லாம் சில்லறை வேலை என்று அவர் நினைத்ததால், முயல்கள் மொத்தமும் இவளுடைய முட்டைக்கோஸ் பாத்திக்குக் குடிபெயர்ந்தன. அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் அழகு மீன். குளிக்கும்போது மொண்டு ஊற்றினால் தலையில் மீன் விழும். இத்தனை கூத்துக்கும் நடுவே அந்த வீட்டில் அடுப்பு அணையாமல் எரிந்ததற்குக் காரணம் பின்பக்கத்துத் தோட்டம்தான். இதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் அவளும் சொன்னதில்லை.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அது தோட்டமே இல்லை. உடைந்த செங்கல், கண்ணாடிச் சில்லு, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு என்று கிடந்த வெற்று நிலம். அவள்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள். ஆட்டுப்புழுக்கையும் காய்கறித் தோலும் போட்டுப் போட்டு, இன்றைக்கு அந்த மண்ணில் கையை விட்டால் மணிக்கட்டு வரை வழுக்கிக்கொண்டு போகும். அவள் போடும் கத்தரிக்காய்க்கு அந்தத் தெருவே முன்கூட்டிச் சொல்லிவைக்கும். பத்திரத்தில் வீடும் தோட்டமும் அவர் பெயரில்தான் இருந்தன. வீட்டில் எந்தச் சுவருக்கு என்ன சாயம், எந்தப் பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று எதையும் அவளைக் கேட்டு யாரும் செய்ததில்லை. தோட்டத்தில் மட்டும் எங்கே எதை வைப்பது, எப்போது தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவள் சொல்படி நடந்தது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போன பிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தத் தோட்டத்தின் மேல்தான் அவர் கண் விழுந்தது.

"மருத்துவப் பயிர் வணிகச் சாகுபடி, விவசாயிகளுக்கும் தொழில்முனைவோருக்கும்" என்று ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். தோளில் ஒரு துணிப்பை, முகத்தில் ஒரு தேஜஸ். நீங்கள் அதில் விவசாயியா தொழில்முனைவோரா என்று அவள் கேட்டாள். இரண்டும் என்றார். தோட்டத்துக்குள் செருப்பில்லாமல் கால் வைத்திராத மனிதர் எப்போது விவசாயி ஆனார் என்று அவளுக்குப் புரியவில்லை. சரி, என்ன பயிர் என்றாள். கீழாநெல்லி என்றார்.

அவள் சிரித்த சிரிப்பில் இடுப்பில் இருந்த குடம் தளும்பிவிட்டது. கீழாநெல்லி என்பது அவளுக்குப் பயிர் அல்ல, பகை. ஒரு மழை பெய்தால் போதும், கத்தரிக்கு நடுவே, மிளகாய்க்கு நடுவே, நடக்கிற பாதையில், பம்பு மேடை விரிசலில் என்று கிளம்பிவிடும். புளிய இலையைச் சின்னதாக்கின மாதிரி இலை, இலைக்கு அடியில் வரிசையாகக் கடுகு போலக் காய். பேசிக்கொண்டே, நடந்துகொண்டே, தும்மிக்கொண்டே அதைப் பிடுங்கிப் பழகியவள் அவள். அதைப்போய் விதை வாங்கி விதைப்பேன் என்று ஒரு மனிதர் சொன்னால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது?

அவர் சளைக்கவில்லை. காமாலைக்கு மருந்து செய்கிற கம்பெனிகள் இதற்குத் தவம் கிடக்கின்றன, காட்டில் பொறுக்கி வருவதில் கண்ட செடியும் கலந்திருக்கிறது, ஒழுங்காகப் பயிர் செய்து கொடுத்தால் வாசலுக்கு வண்டி வரும் என்றார். வெறுந்தரையில் வராது, ஊட்டமான மண் வேண்டும், அதனால் உன் கத்தரித் தோட்டம்தான் சரி என்றார். கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

சண்டை அவளுடைய அண்ணன் வரைக்கும் போனது. அண்ணன் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி, குழாய், பெயின்ட் டப்பா, தாழ்ப்பாள் என்று நெருக்கியடித்த கடை. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவர் பல வருஷமாகத் தங்கச்சி புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டத்துக்கோ அந்தக் கல்லாவை நினைத்தாலே வேர்க்கும். மச்சானிடம் கைகட்டி நின்று ஆணி நிறுப்பதைவிடத் தலையில் மீன் விழுவது மேல் என்று நினைக்கிற ஆள் அவர்.

அண்ணன் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு தீர்ப்புச் சொன்னார். தோட்டத்தை இந்த ஒரு போகத்துக்கு மாப்பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். கம்பெனிக்காரன் வந்து சரக்கை எடுத்தால் தோட்டம் இனி அவருக்கு, தங்கச்சி வாயைத் திறக்கக் கூடாது. எடுக்காவிட்டால் தோட்டம் தங்கச்சிக்கு, மாப்பிள்ளை கல்லாவுக்கு வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் யாரும் பேச்சு மாறக் கூடாது. அவள் யோசிக்கவே இல்லை, சரி என்றாள். காளானையும் முயலையும் மீனையும் கூட இருந்து பார்த்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புருஷன் கைவைத்தால் உருப்படாது என்று அவள் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவு உறுதியானது.

காய்த்துக்கொண்டிருந்த கத்தரிச் செடியைப் பிடுங்கிய அன்று அவள் பின்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவர் விதையை மணலோடு கலந்து தூவினார், பூவாளியில் தண்ணீர் தெளித்தார். முளைத்தது. முளைக்காமல் என்ன செய்யும், அது என்றைக்கு அந்த மண்ணில் முளைக்காமல் இருந்தது? ஆனால் இந்தத் தடவை மரியாதையோடு முளைத்தது. வரிசையாக நின்றது. அவள் பம்படிக்குப் போகும்போதெல்லாம் இடுப்பு தானாக வளையும், விரல் தானாக நீளும். திண்டாடிப்போய்க் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடப்பாள். ஒருநாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிற பாதையில், தெரியாமலே ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு போய் நின்றாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் அவருடைய பயிர். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பயிர் நன்றாக வந்தது. அப்படி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவரும்கூட எதிர்பார்க்கவில்லை என்றுதான் தோன்றியது. இத்தனை வருஷம் அவள் ஊட்டி வளர்த்த மண், விதைத்தவன் யார் என்று பார்க்காமல் வாரி வழங்கியது. பயிற்சி கொடுத்த ஆபீசர் வந்து பார்த்து வாயடைத்துப்போனார். வேறு ஊர் விவசாயிகளைக் கூட்டிவந்து காட்டினார். அவர்கள் தோட்டத்தைச் சுற்றி நடந்தார்கள், மண்ணை அள்ளி முகர்ந்தார்கள், என்ன உரம் என்று கேட்டார்கள். "எல்லாம் ஒரு முறைதான்" என்றார் திட்டம். அவள் பின்வாசலில் நின்று எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அந்த முறைக்கு எத்தனை கூடை ஆட்டுப்புழுக்கை சுமந்தோம் என்று அவள் இடுப்புக்குத்தான் தெரியும்.

அவளுக்குப் பயம் வந்தது. அவர் தோற்றுவிடுவாரோ என்று பயந்து பயந்து பழகியவளுக்கு, ஜெயித்துவிடுவாரோ என்ற இந்தப் பயம் புதிதாக இருந்தது.

செடி நன்றாகக் காய் பிடித்ததும், இதுதான் பருவம், பறித்துவிடுங்கள் என்று ஆபீசர் போனில் சொன்னார். திட்டத்துக்கு ஆசை விடவில்லை. இன்னும் ஒரு மாதம் நின்றால் தண்டு தடிக்கும், எடை ஏறும் என்று அவர் கணக்கு. அதைத் தன்னோடு வைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. அடுத்த பயிற்சியில் அனுபவ விவசாயி என்று அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த யோசனையை அங்கே போய் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன் என்று, இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் பெயின்டர் ஒருவன் சைக்கிளில் ஒரு போர்டைக் கட்டிக்கொண்டு வந்தான். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. "மூலிகைப் பண்ணை" என்று ஒரு வரி. கீழே "நிறுவனர், உரிமையாளர்" என்று போட்டு அவருடைய முழுப்பெயர். மூலையில் ஒரு செடி வரைந்திருந்தது. அது கீழாநெல்லி மாதிரி இல்லை, முருங்கை மாதிரி இருந்தது. பண்ணைக்கு முன்னால் நடச் சொன்னார், எங்கே நடட்டும் என்று கேட்டான். பிறகு, கையில் துடைப்பத்தோடு நின்றவளைப் பார்த்து மரியாதையாகவே கேட்டான்:

"நீங்க பண்ணையில வேலை பாக்கறீங்களாம்மா?"

அவள் போர்டைத் தோட்டத்து மூலையில் இருந்த கொட்டகைச் சுவரில் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள். அவன் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு துடைப்பத்தைப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினாள்.

அரிவாள் எடுக்கவில்லை. அறுத்தால் மறுபடியும் தழைக்கும், இது மறுபடி தலை தூக்கவே கூடாது என்று வேரோடு பிடுங்கினாள். பிடுங்கிய ஒவ்வொரு பிடியையும் முழங்காலில் அடித்து, வேரில் ஒட்டின மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் போட்டாள். அவருடைய பயிரோடு அவளுடைய மண் ஒரு சிட்டிகை போவதற்கும் அவளுக்கு மனசில்லை. ஊடே நின்ற புல்லைத் தனியாக எடுத்து வைத்தாள். புல் ஆட்டுக்கு ஆகும், கீழாநெல்லியின் கசப்பு கலந்தால் ஆடு துப்பிவிடும். எல்லாவற்றையும் வரப்பில் குவிக்கலாம் என்றால் காய் உதிர்ந்து அடுத்த மழைக்கு மறுபடியும் முளைக்கும். அதனால் கூடை கூடையாகத் தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோனாள். காய்ந்ததும் மொத்தமாக எரித்துவிடுவது என்று முடிவு. சீக்கிரம் காய வேண்டுமே என்று சிமென்ட் தரையைப் பெருக்கி மெல்லிசாகப் பரப்பினாள். காற்றில் விதை பறக்காமல் கதவை முக்கால்வாசி சாத்தினாள். கடைசிக் கூடையைக் கொட்டும்போது வெயில் தாழ்ந்துவிட்டது, அவள் விரல் நுனியெல்லாம் பச்சையாக இருந்தது. எவ்வளவோ நாளைக்கப்புறம் உடம்பு லேசாக இருந்தது.

அவர் வந்தார். பேச்சு பிரமாதமாகப் போயிருக்க வேண்டும், கழுத்தில் மாலை வேறு. நேராகப் பின்பக்கம் போனார். அவள் அடுப்படியில் நின்று, வரப்போகிற கூச்சலுக்குத் தயாராகப் பதில்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். கூச்சல் வரவில்லை. போய்ப் பார்த்தால், மாலையைக் கழற்றாமல் பம்பு மேடையில் உட்கார்ந்து வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருந்துச்சு," என்றார். "நான் கைவச்சதுல முதல் தடவையா ஒண்ணு நல்லா வந்திருந்துச்சு."

அவள் அடுக்கி வைத்திருந்த பதிலில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

மறுநாள் அவராகவே கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அண்ணன் போன் பண்ணி, பூச்சி அடித்துப் பயிர் மொத்தமும் போய்விட்டதாமே, மாப்பிள்ளை சொன்னார், நீயாவது முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டார். உங்கள் தங்கச்சி செய்த காரியம் என்று அவர் அண்ணனிடம் சொல்லியிருந்தால் அவள் நிமிர்ந்து நின்று சண்டை போட்டிருப்பாள். அவர் காட்டிக்கொடுக்காததுதான் அவளைப் போட்டு அறுத்தது. கொட்டகைக்குள் பரப்பினதை எரிக்கவும் கை வரவில்லை. ஈரம் போகட்டும், ஈரம் போகட்டும் என்று தினமும் புரட்டி மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

கடையில் அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தால் அண்ணன் பெருமூச்சு விடுவார். குழாய்க்கு ஒரு வாஷர் வாங்க வந்தவரிடம், வாஷர் எதற்கு, வீட்டுக் குழாயையே மாற்றிப் போடுங்கள், மழைத்தண்ணீரைச் சேர்த்து மாடியில் மீன் வளர்க்கலாம் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். வந்தவர் வாஷரும் வாங்காமல் ஓடிவிட்டார். இன்னொருத்தர் கதவுக்கென்று தாழ்ப்பாள் வாங்க வந்து, அதைக் கூண்டுக்குப் போட்டு முயல் வளர்க்க ஆரம்பித்துவிட்டாராம். இப்படியே போனால் கடை என்ன ஆகும் என்று அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் கூப்பிட்டு உட்கார வைத்தவர் அவர், போகச் சொல்ல வாய் வருமா?

ஒருநாள் மத்தியானம் மருந்துக் கம்பெனியின் கொள்முதல்காரர் வந்தார். ஏற்கெனவே சொன்ன வாரம்தான், வீட்டில்தான் யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைத்தெருவில் வழி கேட்டு, கல்லாவில் திட்டத்தையே பார்த்து, பயிர் இல்லை என்று கேள்விப்பட்டு, வந்ததற்கு நிலத்தையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பி வந்திருந்தார். கூடவே அண்ணனும் திட்டமும். வந்த மனிதருக்கு முகமே சரியில்லை. ஐந்தாறு இடம் பார்த்துவிட்டு வருகிறாராம். எங்கே போனாலும் செடியை முற்றவிட்டு இலையெல்லாம் கொட்டிப்போய்க் குச்சி குச்சியாக வைத்திருக்கிறார்களாம். கேட்டால், எடை ஏறட்டும் என்று பயிற்சியில் யாரோ ஒரு அனுபவ விவசாயி சொன்னாராம். திட்டம் கொய்யா மரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை வைக்கத் திரும்பியவர் கொட்டகைக் கதவு இடுக்கில் பார்த்தார். உள்ளே போனார்.

"இது என்னம்மா?"

"குப்பைங்க. எரிக்கக் காயப்போட்டிருக்கேன்."

அவர் ஒரு செடியை எடுத்து இலையைத் திருப்பிப் பார்த்தார். காய் உதிராமல் இருக்கிறதே என்றார். முற்றுவதற்கு முன்னாலேயே பிடுங்கிப் பாழாக்கிவிட்டேன் என்றாள் அவள். வெயிலில் போட்டீர்களா என்றார். வெயில் கண்ணிலேயே காட்டவில்லை, அதனால்தான் பாருங்கள், பச்சை மாறாமல் அப்படியே கிடக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். வேர் முழுசாக இருக்கிறதே, அறுக்கவில்லையா? இல்லை, மெனக்கெடவில்லை, அப்படியே இழுத்ததுதான். வேரில் மண் இல்லையே? மண் என்னுது, அதை எதற்கு விடுவேன்? புல் ஒன்றுகூடக் கலக்கவில்லையே? அது ஆட்டுக்கு. தன் சரக்கை இவ்வளவு பாடுபட்டு மட்டம் தட்டியவர்கள் உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அவள் ஒவ்வொன்றாகக் குறை சொல்லச் சொல்ல அந்த மனிதர் முகம் விரிந்துகொண்டே போனது. வாசலில் நின்ற திட்டத்தின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

"இந்த வேலையில நான் எத்தனையோ வருஷமா இருக்கேன்," என்றார் கொள்முதல்காரர். "பயிற்சியில சொல்றதை ஒண்ணு விடாம செஞ்ச ஒருத்தரை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"பயிற்சியெல்லாம் இல்லைங்க. கோபத்துல பிடுங்கிப் போட்டது."

சொன்ன பிறகுதான் அண்ணன் பக்கத்தில் நிற்பது அவளுக்கு உறைத்தது. அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "பூச்சி அடிச்சிருச்சுன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை?" என்றார். மாப்பிள்ளை கொட்டகைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கொள்முதல்காரர் வெளியே போய் வண்டிக்காரனைக் கூப்பிட்டார். மூட்டை கட்டி எடுத்துப்போக ஆள் வருகிறது என்றார். அவ்வளவுதான், கம்பெனி சரக்கை எடுத்துவிட்டது. அண்ணன் தொண்டையைச் செருமினார். யார் பறித்தால் என்ன, எதற்குப் பறித்தால் என்ன, கம்பெனி எடுத்தால் தோட்டம் மாப்பிள்ளைக்கு என்றுதானே பேச்சு, அதன்படி தோட்டம் அவருக்குத்தான் என்றார். இனி அவர் கடைக்கு வரத் தேவையில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். சும்மா இருந்திருந்தாலே போதும். அவர் இஷ்டப்படி இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் இலை கொட்டி, கம்பெனிக்காரர் உதட்டைப் பிதுக்கி, தோட்டம் தானாக அவள் கைக்கு வந்திருக்கும். அழிக்கிறோம் என்று நினைத்து, இடுப்பொடிய ஒருநாள் முழுக்க உழைத்து, தோட்டத்தைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அழுகை வந்தது. மூன்று ஆண்கள் நிற்கிற இடத்தில் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

கொள்முதல்காரர் இதொன்றும் அறியாமல் அடுத்த போகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தோட்டம் முழுக்க இதையே போடுங்கள், ஆனால் பறிப்பது இந்த அம்மாதான், இதே மாதிரிதான், வேறு கை பட்டால் வண்டி வராது என்றார்.

"அப்பக் கோபம் இருந்துச்சு, பிடுங்கினேன்," என்றாள் அவள். "இப்ப எனக்குக் கோபமே இல்லைங்க."

அவ்வளவு தணிந்த குரலில், அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். அவள் அந்தக் குரலில் பேசினால் என்ன அர்த்தம் என்பது அங்கே ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் சாத்தியிருந்த போர்டைப் பார்த்தார். அது வந்து இறங்கிய நாளில்தான் அவள் பயிரைப் பிடுங்கினாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"பூச்சி அடிச்சிருச்சு, பயிர் போச்சுன்னு நான்தான் மச்சான் சொன்னேன்," என்றார். "சொன்னது சொன்னதுதான். தோட்டம் அவளுக்கு. நான் கடைக்கு வர்றேன்."

அண்ணன் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பூச்சியைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று எவ்வளவோ வாதாடினார். திட்டம் அசையவில்லை. வாழ்க்கையில் எடுத்த காரியம் ஒன்றையும் முடித்திராத மனிதர், அந்த ஒரு பொய்யை மட்டும் கடைசிவரை கொண்டுபோனார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று இருந்தது அவளுக்கு.

தோட்டம் அவளுடையதாயிற்று. கத்தரி வைத்தாள், மிளகாய் வைத்தாள். மழை பெய்ததும் ஊடே கீழாநெல்லி வழக்கம்போலக் கிளம்பியது. இப்போது அதைப் பிடுங்கி எறிய முடியுமா? விலைபோகிற பொருள் என்று தெரிந்துவிட்டதே. சமையல் முடிந்து கொஞ்சம், துணி துவைத்துவிட்டுக் கொஞ்சம் என்று பறித்து, வேரை உதறி, கொட்டகையில் பரப்பினாள். காலையில் கடைக்குப் போகிறவர் இருட்டுகிற நேரத்தில்தான் வந்தார். வந்தால் பேச்சுக் கிடையாது, களைத்துப்போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். கடையில் இப்போது வாஷர் கேட்டால் வாஷர் மட்டும் கொடுக்கிறார், தேறிவிட்டார் என்று அண்ணனே வாய்விட்டுச் சொன்னார். வீட்டில் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது. படுக்கையறையில் கட்டில் இருந்தது. யாரும் எதையும் கழற்றவில்லை, எதையும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. தெருவில் வந்து திட்டம் இருக்காரா என்று கேட்கிறவர்களும் நின்றுபோனார்கள். நிம்மதி என்று இதைத்தானே இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிவிட்டு, அடுப்படி ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்ப்பாள்.

கொள்முதல்காரர் மறுபடி வந்தார். கொட்டகைக்குள் போய் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார், இன்னொரு மூலையில் இன்னொரு பிடி எடுத்தார். ஒன்று பச்சையாக இருந்தது, ஒன்று பழுத்திருந்தது, ஒன்றில் காயே இல்லை. எடுத்துக்கொள்கிறேன், பரவாயில்லை என்றார்.

"ஆனா போன தடவை மாதிரி இல்லையேம்மா. என்ன ஆச்சு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மழை சரியில்லை, கத்தரிக்கு நடுவில் நிழல் விழுந்துவிட்டது, தினம் கொஞ்சமாகப் பறித்தது என்று சொல்ல எத்தனையோ இருந்தது. அவள் வாயில் வந்தது வேறு.

"போன தடவை அவர் வீட்டுல இருந்தாருங்க," என்றாள்.